பண்ணையும் பொதியிலும்: டார்ட்டிங்டன் கலைக்கூடம் பற்றி ஒரு திறனாய்வு

பண்ணை என்னும் சொல்லை இன்று கேட்போர்க்கு, ஒருவர் உடைமையாகிய பெருநிலமும், அந்நிலத்தில் உழைக்கும் ஆட்களும், நடுவே நிற்கும் பெரிய வீடும் நினைவிற்கு வரும். பண்ணையார், பண்ணையாள் என்னும் இரு சொற்களும் இருபுறமும் நின்று அதன் பொருளை நன்கு விளக்கிவிடுகின்றன. ஆயின், தொல்காப்பியர் உரியியலில் இச்சொற்கு உரைத்த பொருள் விளையாட்டு என்பதாகும். கெடவரல் என்பதனோடு சேர்த்து அவர் இதனை ஓதினார். விளையாட்டைக் குறித்த பண்ணையும் நிலவுடைமையைக் குறிக்கும் பண்ணையும் ஒரு சொல்லே தானா, ஒலியளவில் ஒத்த இரு சொற்களா என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு அதனுள் புகவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில், டார்ட் ஆற்றின் கரையில் அமைந்த டார்ட்டிங்டன் என்னும் பண்ணை, 1925 ஆம் ஆண்டு முதல் கலைக்கூடமாக மாறிய வரலாற்றைப் படிக்குங்கால், இவ்விரு பொருளும் ஓரிடத்தே நின்று ஒன்றையொன்று நெருக்கக் காண்கின்றோம். அந்நெருக்கமே இக்கட்டுரைக்குப் பொருள்.

டார்ட்டிங்டனின் பேரவை மண்டபம் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் தாய்வழி உடன்பிறப்பாகிய ஜான் ஹாலண்டு என்பான் அதனைக் கட்டினான். 1400 ஆம் ஆண்டில் அவன் தலை வெட்டப்பட்டது; கட்டிய வீட்டில் நெடுநாள் வாழ அவனுக்கு வாய்க்கவில்லை. பின்னர்ப் பல கைகள் மாறி, 1559 முதல் சாம்பர்நௌன் குடியினரிடம் அப்பண்ணை இருந்தது. முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வாழ்ந்தனர். இறுதியில் மண்டபம் கூரையிழந்து சுவரளவாய் நின்றது. அந்நிலையில்தான் லெனர்டு எல்ம்ஹர்ஸ்டும் அவர்தம் மனைவியார் டாரதியும் 1925 இல் அதனை விலைக்குக் கொண்டனர்.

லெனர்டு யார்க்ஷயர் நாட்டு நிலக்கிழார் குடியில் பிறந்தவர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். தாகூர் அழைப்பை ஏற்று வங்கம் வந்து, 1922 இல் சுருல் என்னும் சிற்றூரில் ஊர்ப்புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கி நடத்தியவர். பின்னர் ஸ்ரீநிகேதனம் எனப் பெயர் பெற்றது அதுவே. அப்பணிக்குப் பொருள் தந்தவர் டாரதி. ஆகவே டார்ட்டிங்டனின் விதை வங்கத்துச் சிற்றூரிலிருந்து சென்றது என்பது மிகையன்று. இந்தியர் மேனாட்டாரிடமிருந்து கற்றவற்றையே எழுதிப் பழகிய நமக்கு, இத்திசைமாற்றம் சற்றே வியப்பளிக்கும். தாகூர் தாமும் டார்ட்டிங்டன் சென்று தங்கினார்.

இனி, இத்தகைய முயற்சியை எந்த அளவுகோலால் அளப்பது? நம் மேடைகளில் அளவுகோலுக்குப் பஞ்சமில்லை. நிலம் ஈந்தவர் யாவரும் பாரி. பொருள் ஈந்தவர் யாவரும் குமணன். எல்ம்ஹர்ஸ்டு இணையரையும் அவ்வரிசையில் நிறுத்திவிடுதல் எளிது. ஆயின் பாரியின் கொடையைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். பறம்பு நாட்டு முந்நூறு ஊரும் பரிசிலர் பெற்றனர் என்பது புறநானூற்றுச் செய்தி. ஊர்கள் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்றன. அவ்வூர்களில் வாழ்ந்தார்க்கு யாது வந்தது என்று பாட்டுக் கூறவில்லை. அது பாட்டின் குறையன்று. பாடாண் துறையின் நோக்கம் வேறு. ஆனால் அந்நோக்கத்தைக் கொண்டு ஒரு பொதுக் கலைக்கூடத்தை அளத்தல் பிழையாகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக வைத்தார். இரண்டும் கொடைதானே என்று கருதுவாரும் உளர். பரிமேலழகர் அவ்வாறு கருதவில்லை. வறியராய் வந்து ஏற்றார்க்குக் கொடுத்தல் ஈகை. உலகநடையைத் தாமே அறிந்து செய்தல் ஒப்புரவு என்று அவர் வரையறுத்தார். ஈகையில் ஏற்பவன் ஒருவன் தோன்றியாதல் வேண்டும். அவன் கை தாழ்ந்திருத்தல் வேண்டும். ஒப்புரவதிகாரத்து உவமைகளாகிய ஊருணி, உள்ளூர்ப் பயன்மரம், மருந்துமரம் என்பவற்றை நோக்கினால், அங்கே ஏற்பவன் என்று ஒருவன் இல்லாமை புலனாகும். ஊருணியில் நீர் முகப்பவள் யாரிடமும் இரப்பதில்லை, நன்றி கூறுவதுமில்லை. அவள் குடத்தோடு வருதல் அன்றாட வழக்கம். அவ்வழக்கமே அவளுக்கு உரிமை. ஒருவர் மனையாக இருந்தது ஊரார் கலைக்கூடமாக மாறியதா என்பதற்கு உரிய அளவுகோல் இதுவே என்பது என் கருத்து. கதவு திறந்ததா என்று வினவுவது போதாது. உள்ளே வருவோர் ஏற்பவராய் வருகின்றனரா, நீர் முகப்பவராய் வருகின்றனரா என்று வினவுதல் வேண்டும்.

எல்ம்ஹர்ஸ்டு இணையர் முதலிற் செய்தது கட்டடப் பணி. வில்லியம் வியர் என்னும் கட்டடக்கலைஞர் பழமையைச் சிதையாமல் மண்டபத்திற்கு மீண்டும் மரக்கூரை அமைத்தார். 1926 இல் ஆணும் பெண்ணும் ஒருங்கு பயிலும் புதுமுறைப் பள்ளி தொடங்கப்பெற்றது. மர அறுவை ஆலை, நெசவாலை, கோழிப்பண்ணை, பழச்சாறு இறக்கும் தொழில் என வேளாண்மையும் கைத்தொழிலும் ஒருபால் வளர்ந்தன. கலை மற்றொருபால் வந்தது. அது வந்த முறைதான் நம் கவனத்திற்கு உரியது.

1930களில் டார்ட்டிங்டனுக்கு வந்த கலைஞர் வரிசை எந்த நாட்டுத் தலைநகரும் பெருமைப்படத் தக்கது. செருமனியில் நாத்சிகள் ஆட்சி ஏற்றபின், தம் குழுவிலிருந்த யூதக் கலைஞரை விலக்குமாறு நெருக்கப்பட்டு, அதற்கு இசையாமல் 1933 இல் நாட்டை விட்டு நீங்கிய ஆடலாசிரியர் கூர்ட்டு யோசு, தம் ஆடற்பள்ளியை இங்கே நிறுவினார். போர் வெறியைப் பசுமேசையைச் சுற்றி நிற்கும் அரசியலாளர் வாயிலாக எள்ளி நகையாடும் ‘பச்சை மேசை’ என்னும் ஆடல் 1932 இல் அவர் படைத்தது. உருசியப் பெருநாடகக் கலைஞர் மிகாயில் செக்காவு 1936 இல் இங்கே நாடகப் பயிற்சிக் கூடம் திறந்தார். போர் மேகம் சூழ்ந்தமையால் இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார். ஓவியர் மார்க்கு டோபி, குயக்கலைஞர் பெர்னார்டு லீச்சு ஆகியோரும் இங்கிருந்து பணிபுரிந்தனர்.

நம் நாட்டு உதயசங்கரும் தம் குழுவினரோடு டார்ட்டிங்டனில் தங்கினார். இமயமலைச் சாரலில் அல்மோராவில் அவர் அமைத்த கலை நடுவத்திற்கு டார்ட்டிங்டன் முன்மாதிரியாய் இருந்தது. டாரதி குடும்பத்தின் பொருளுதவியும் கிடைத்தது. அல்மோராவில் பரதம் பயிற்றுவிக்கச் சென்றவர் பாலசரசுவதியின் ஆசானாகிய கந்தப்பா பிள்ளை என்பது தமிழர் மறக்கலாகாத செய்தி. அந்நடுவம் சில ஆண்டுகளே நிலைத்தது. அதன் கனவையே கதையாகக் கொண்டு உதயசங்கர் ஆக்கிய ‘கல்பனா’ என்னும் திரைப்படம் சென்னை ஜெமினி படப்பிடிப்புக் கூடத்தில் உருவாகி 1948 இல் வெளிவந்தது. சுருலில் தொடங்கி டெவன் சென்ற ஒரு கருத்து, அல்மோரா வழியாகச் சென்னைக்கு வந்து திரையில் முடிந்தது என்று கூறலாம்.

இவ்வளவும் உண்மை, இவ்வளவும் பெருமை. ஆயினும் ஒன்று கூறாமல் இருக்கவியலாது. யோசின் ஆடலும் செக்காவின் நாடகமும் டார்ட்டிங்டனில் நடந்தன எனலாமே யன்றி, டார்ட்டிங்டனுடையவை எனல் ஆகாது. அக்கலைஞர்க்கு அப்பண்ணை புகலிடம். உயிர்க்கும் மானத்திற்கும் அஞ்சி வந்தார்க்குப் புகலிடம் ஈந்தமை மிகச் சிறந்த ஈகை. அதனைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. ஆனால் தோட்டத்து மதிலுக்கு அப்பால் உழுதுகொண்டிருந்த டெவன் உழவனுக்கு அவ்வாடல் யாதாக இருந்தது? பண்ணையில் பணிசெய்வார்க்கும் அண்டையூரார்க்கும் மாலை வகுப்புகள் இருந்தன. எனினும் அயலூரார் டார்ட்டிங்டனை ஐயுற்றே நோக்கினர் என்பதை, அதனை வியந்து எழுதியோரும் மறைக்கவில்லை. வந்தோர் பாணர்; ஆண்டோர் புரவலர்; ஊரார் வேலிக்கு வெளியே நின்றோர். ஆற்றுப்படைகளில் நாம் கண்ட அமைப்பிலிருந்து இது பெரிதும் வேறுபட்டதன்று.

இங்கே பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டை நினைவுகூர்தல் பொருந்தும். பரங்குன்றத்து முருகன் கோயிலை அடுத்து ஓவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருந்தது. அங்கே வந்த மக்கள் ஓவியங்களைப் பார்த்து, இவர் யார், அவர் யார் என்று வினவுகின்றனர். அறிந்தவர் அறியாதவர்க்கு விளக்குகின்றனர். காமனும் இரதியும் இவர் என்றும், பூனை உருக்கொண்டவன் இந்திரன் என்றும், அவள் அகலிகை என்றும், சினந்து நிற்பவன் கௌதமன் என்றும் கூறிக்கொள்கின்றனர். உரையாசிரியர் பலர் இப்பகுதியைப் பண்டைத் தமிழர் ஓவியக்கலைக்குச் சான்றாக எடுத்துக்காட்டி அவ்வளவில் நின்றுவிடுவர். எனக்கோ ஓவியத்தினும் அவ்வினாவிடையே பெரிதாகத் தோன்றுகிறது. அம்மண்டபத்தில் விளக்கம் கூற அமர்த்தப்பட்ட புலவன் எவனும் இல்லை. பார்க்க வந்தவரே ஆசிரியர். பார்க்க வந்தவரே மாணவர். கலை அங்கே ஊரார் வாய்ப்பேச்சாகி நடமாடுகிறது. அம்மண்டபத்தை எழுப்பிய மன்னன் எவன் என்று அப்பகுதியில் வினவுவார் இல்லை.

டார்ட்டிங்டனில் இத்தகைய நிலை அரும்பியது போர்க்காலத்தில், இமோஜன் ஹோல்ஸ்டு என்னும் பெண்மணி வந்தபின் என்று கருதுகிறேன். இவர் இசைப்புலவர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகளார். தந்தையார் வடமொழி கற்று இருக்குவேதப் பாடல்களை மொழிபெயர்த்து இசையமைத்தவர். சாவித்திரி கதையை இசைநாடகம் ஆக்கியவர். மகளார் அத்தகைய பெரும்படைப்புக்களை நாடாது, போர்க்காலத்தில் மேற்கு இங்கிலாந்துச் சிற்றூர்களில் அலைந்து, அங்கங்கே கிடைத்த குரல்களையும் கருவிகளையும் கொண்டு ஊராரைப் பாடவும் இசைக்கவும் செய்துவந்தார். 1943 முதல் 1951 வரை அவர் டார்ட்டிங்டனில் இசைத்துறையை நடத்தினார். முதலில் அவர் வகுத்தது ஓராண்டுப் பயிற்சி. அதன் நோக்கம் கச்சேரி செய்வாரை ஆக்குதல் அன்று. சிற்றூர்களுக்குச் சென்று, இசை பயிலாதாரைக் கூட்டிப் பாடச் செய்வாரை ஆக்குதல். தேர்வு முறையில் அவர்க்கு விருப்பமில்லை. செய்து கற்றலே அவர் முறை. தேர்வுகளாலேயே உயிர்வாழும் நம் துறையினர் இதனைப் படித்துவிட்டுச் சற்றே பெருமூச்சு விடலாம்.

ஈண்டு நுட்பமாக நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. யோசும் செக்காவும் டார்ட்டிங்டனுக்கு உலகிலிருந்து கலையைக் கொணர்ந்தனர். ஹோல்ஸ்டு அம்மையார் டார்ட்டிங்டனிலிருந்து ஊர்களுக்கு ஆட்களை அனுப்பினார். முன்னது ஆற்றுப்படை, பாணன் புரவலனை நோக்கி நடக்கிறான். பின்னதை என்னென்பது? அதற்குத் துறைப்பெயர் நம் இலக்கணத்தில் இல்லை. புரவலன் வீட்டிலிருந்தே பாடினி புறப்பட்டு, ஊர் ஊராய்ச் சென்று, நீயே பாடு என்று கூறுதலை எந்தத் துறையில் அடக்குவது? 1950ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வம்மையார் சாந்திநிகேதனம் வந்து இரண்டு திங்கள் தங்கினார். அங்குக் கற்பித்ததோடு அமையாது இந்திய இசையையும் கற்றார்; நாட்டுப்பாடல் மெட்டுக்களைக் குறித்துக்கொண்டார். வங்கத்திலிருந்து சென்ற விதை, முப்பதாண்டுக்குள் தன் மண்ணைத் தேடி வந்து பார்த்துச் சென்றது போலும் இது.

அவ்வம்மையார் சென்றபின்னும் அந்நெறி ஒருவாறு நின்றது. 1948 இல் வில்லியம் கிளாக்கு என்பார் வேறோரிடத்தில் தொடங்கிய கோடை இசைப்பள்ளி 1953 இல் டார்ட்டிங்டனுக்கு வந்தது. அதன் தனிச்சிறப்பு, உலகறிந்த இசைவாணரும் ஆர்வத்தால் மட்டும் பாடுவோரும் ஒரே கூரையின்கீழ்த் தங்கிப் பயின்றமை. 1957 இல் ஸ்திராவின்சுகியே அங்கு வந்தார். தோட்டத்துப் புல்வெளி மேட்டில் சாய்ந்து கிடக்கும் பெண்ணுருவச் சிலை ஒன்று உள்ளது. ஹென்றி மூர் செதுக்கியது. டார்ட்டிங்டனின் கலைப்பணியை முதலில் பொறுப்பேற்று நடத்திய கிறிஸ்டபர் மார்ட்டின் நினைவாக அமைந்தது. வள்ளலுக்கு நடாமல் பணியாளர்க்கு நட்ட கல் என்பதனால் எனக்கு அச்சிலைமீது தனி மதிப்புண்டு.

இனி, அறக்கட்டளையைப் பற்றிச் சில கூறவேண்டும். எல்ம்ஹர்ஸ்டு இணையர் பண்ணையைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. 1930களில் அறக்கட்டளை ஒன்றன் உடைமை ஆக்கினர். தம் மக்களுக்குச் சேரவேண்டியதைப் பொதுவில் விட்டமை சிறிய செயலன்று. 1961 இல் டார்ட்டிங்டன் கலைக்கல்லூரி தோன்றியது. இசை, நாடகம், ஓவியம் ஆகியவற்றில் நாடறிந்த நிலையம் ஆயிற்று. டாரதி 1968 இலும் லெனர்டு 1974 இலும் மறைந்தனர். பள்ளி 1987 இல் மூடப்பட்டது. கல்லூரியோ பொருள்நிலை காரணமாக 2008 இல் ஃபால்மத்து நகரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியோடு இணைக்கப்பெற்று, 2010 இல் டார்ட்டிங்டனை விட்டே நீங்கியது. மாணவரும் அவ்வூராரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். முடிவு மாறவில்லை.

அக்குரலே என் வினாவுக்கு விடை. 1930களில் வேலிக்கு வெளியே ஐயத்தோடு நின்றவர்களின் ஊர், எழுபது ஆண்டுகளுக்குப் பின் அது எங்களுடையது என்று கூறத் துணிந்தது. குடத்தோடு வந்து வந்து பழகியதால் பிறந்த துணிவு அது. ஆகவே டார்ட்டிங்டன் ஊருணி ஆயிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊருணியின் கரைச்சாவி ஊராரிடம் இல்லை என்பதும் அன்றே தெரிந்தது. மனை என்பது ஒருவர் பெயரில் இருந்தாலும் ஒரு குழுவின் பெயரில் இருந்தாலும் மனையே. முடிவு செய்யும் உரிமை எங்குள்ளதோ அங்கேதான் அதன் வாயில் உள்ளது. மைக்கேல் யங் எழுதி 1982 இல் வெளிவந்த டார்ட்டிங்டன் வரலாறு சிறந்த நூல். அவர் அப்பள்ளியில் பயின்றவர், பின்னர் அறங்காவலர்களுள் ஒருவர். எனினும் அந்நூலின் பெயர் எல்ம்ஹர்ஸ்டு குடியின் பெயரால் தொடங்குகிறது. பாடாண் துறை எளிதில் விட்டுப்போவதில்லை. மாலை வகுப்புக்கு வந்தவள், கோடைப்பள்ளியில் ஒரு கிழமை பாடிவிட்டுத் தன் கடைக்குத் திரும்பியவன் ஆகியோர் கண்வழி அவ்வரலாற்றை எழுதினால் வேறொரு நூல் கிடைக்கும்.

பொதியில் என்னும் ஊர்ப்பொதுவிடத்தைச் சங்கப் புலவர் பலர் பாடினர். அவருள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒருவரே அதன் வாழ்வையும் வீழ்வையும் காட்டியவர் எனலாம். பட்டினப்பாலையில் அவர் காட்டும் பொதியில் மெழுகிப் பூவிட்ட தரையுடையது. அந்தியில் அணையா விளக்கு ஏற்றப்படுகிறது. புதியராய் வந்தவர் ஏறித் தொழுகின்றனர். அகநானூற்று நூற்று அறுபத்தேழாம் பாட்டில் அவரே காட்டும் பொதியிலில் விட்டம் விழுந்துவிட்டது, சுவரில் எழுதப்பட்ட கடவுள் நீங்கிவிட்டார், பலியை மறந்தனர், திண்ணை மெழுகுவார் இல்லை, கூரையைச் சிதல் மூடிவிட்டது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு மெழுகும் கை ஒன்றே. ஓவியம் சுவரில் நிற்பதும் நீங்குவதும் அந்தக் கையைப் பொறுத்தவை. வில்லியம் வியர் ஏற்றிய கூரை டார்ட்டிங்டனில் இன்றும் உறுதியாகவே நிற்கிறது. கூரையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

இவ்வளவு கூறியபின் என் வாதத்திற்கே எதிரான ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. பட்டினப்பாலைப் பொதியிலை மெழுகியவர் யார்? கொண்டி மகளிர். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட பெண்டிர் என்று நச்சினார்க்கினியர் உரை கூறும். எல்லோர்க்கும் பொதுவாகிய அவ்விடத்தின் தூய்மை, உரிமை இழந்தவர் கைகளால் வந்தது. டார்ட்டிங்டன் மண்டபத்திற்கு மீண்டும் கூரை ஏறியது டாரதியின் செல்வத்தால். அச்செல்வம் அவர்தம் தந்தையார் வில்லியம் விட்னி நியூயார்க்கு நகரத் தெருக்களில் ஓடிய இருப்புவழி வண்டிகளாலும் பிற வாணிகத்தாலும் ஈட்டியதிலிருந்து வந்தது. அவ்வண்டிகளில் நாள்தோறும் காசு கொடுத்து ஏறி இறங்கிய உழைப்பாளர் எவரும் டெவன் நாட்டுத் தோட்டம் ஒன்றில் தம் காசு இசையாகும் என்று எண்ணியிருக்கமாட்டார். பொதியிலைப் பாடிய புலவர் கொண்டி மகளிரை விடாமல் குறித்துச் சென்றார். டார்ட்டிங்டனைப் பாடுவோர் அவ்வண்டிகளை இன்னும் குறிக்கவில்லை.